நோயாளிகளிடமிருந்து விடுதலை

அன்புள்ள ஐயா,

எம்பிபிஎஸ் முடித்து ஒரு தாலுகா மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். நீட் பிஜிக்குப் படிப்பதாக வீட்டில் சொல்லிவிட்டு மருத்துவ வரலாறு படித்துக்கொண்டிருக்கிறேன். ஹென்றி சிகரிஸ்ட் டாக்டருக்குப் படித்துவிட்டு வரலாற்றுப் பேராசிரியர் ஆனவர் என்று தெரிந்ததும் எனக்கும் அதுதான் வழி என்று தோன்றிவிட்டது. இதில் வேலைவாய்ப்பு உண்டா? வெளிநாட்டில் எங்கே படிக்கலாம்? அப்பா கோபமாக இருக்கிறார். உண்மையைச் சொன்னால், தினமும் ஓபி பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. நோயாளிகளிடமிருந்து விடுதலை கிடைத்தால் போதும்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கொஞ்ச நாளாகவே சிகரிஸ்ட்டைப் படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் உடனே பதில். வேலைவாய்ப்பு குறைவு. அப்பாவின் கோபம் தானாக ஆறும். வெளிநாட்டுப் படிப்பை அப்புறம் பார்க்கலாம். என்னைக் கடுப்பேற்றியது உங்கள் கடைசி வரி.

யாரை முன்னால் நிறுத்திக்கொண்டு அப்படிக் கேட்கிறீர்கள் என்று தெரிகிறதா? சிகரிஸ்ட் கிளினிக் நடத்தி வாழ்ந்தவர் அல்ல, அது சரி. 1917-இல் சூரிச்சில் மருத்துவப் பட்டம், 1925-இல் ஜெர்மனியில் லைப்ஸிக் மருத்துவ வரலாற்று நிறுவனத்தின் தலைமை, 1932-இல் அமெரிக்காவில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். வெளியிலிருந்து பார்த்தால் முழுக்க நூலக வாழ்க்கை. ஆனால் 1944-இல் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் டாமி டக்ளஸ் புதிதாக ஆட்சிக்கு வந்தபோது, கையில் காசில்லாத விவசாயிக்கும் வைத்தியம் கிடைக்க என்ன வழி என்று கேட்க இந்த வரலாற்றுப் பேராசிரியரைத்தான் கூப்பிட்டார். சிகரிஸ்ட் போனார், ஊர் ஊராகப் பார்த்தார், அறிக்கை கொடுத்தார். 1947-இல் அங்கே மாகாணம் முழுவதற்கும் மருத்துவமனைக் காப்பீடு வந்தது. இன்றைய கனடாவின் பொது மருத்துவக் காப்பீடு அங்கிருந்து வளர்ந்ததுதான். அதே 1944-இன் கடைசியில், இந்தியாவின் சுகாதார நிலையை ஆராய அரசு அமைத்திருந்த சர் ஜோசப் போர் (Bhore) குழுவுக்காக இங்கேயும் வந்தார். இங்கே ஒரு மருத்துவ வரலாற்று நிறுவனம் வேண்டும் என்று அவர் எழுதிக்கொடுத்தது 1946-இல் வந்த அறிக்கையில் இருக்கிறது. 1956-இல் ஹைதராபாத் உஸ்மானியா மருத்துவக் கல்லூரியில் அதற்கென்று ஒரு துறை தொடங்கியது. அதைக் கட்டி எழுப்பிய டி.வி. சுப்பா ரெட்டியும் டாக்டர்தான்.

சிகரிஸ்ட்டைக் கும்பிடச் சொல்லவில்லை. 1937-இல் சோவியத் மருத்துவத்தை வாயாரப் புகழ்ந்து ஒரு புத்தகம் போட்டார். அதே வருடம் அங்கே ஆயிரக்கணக்கில் ஆட்களைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அது அவர் கண்ணில் படவில்லை, அல்லது பட அவர் விடவில்லை. லைப்ஸிக்கில் அவருக்கு முன் இருந்த கார்ல் சூடாஃபைச் சொல்லவா? ஐம்பதைத் தாண்டும்வரை அவர் ஊர் டாக்டர். பதினாறாம் நூற்றாண்டு வைத்தியர் பாரசெல்சஸைப் பற்றிய ஆராய்ச்சியில் பெயர் வாங்கியதே பிராக்டிஸ் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில். உங்களுக்கு ஓபி அலுத்துவிட்டதாம்!

எனக்கு இவர்கள் எல்லோரையும்விடப் பிடித்தவர் ஆவ்சே டெம்கின். மின்ஸ்கில் பிறந்த யூதர், லைப்ஸிக்கில் டாக்டருக்குப் படித்தார், சிகரிஸ்ட்டோடு அமெரிக்கா போனார், நூறு வயதுக்குச் சில மாதம் இருக்கும்போது இறந்தார். காக்காய் வலிப்பு என்ற ஒரே நோயை எடுத்துக்கொண்டு, கிரேக்கர் காலத்திலிருந்து நவீன நரம்பியலின் தொடக்கம்வரை ஒரு புத்தகம் எழுதினார். 1945-இல் வந்தது. அதை நான் விடாமல் படித்ததற்கு என் பெரியப்பா மகன் காரணம்.

அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. அரைஞாண் கயிற்றில் விரல் நீளத்துக்கு ஓர் இரும்புச் சாவி கட்டியிருப்பார். வீட்டில் எந்தப் பூட்டுக்கும் அது சேராது. விழுந்தால் யாராவது ஓடிவந்து, கட்டைவிரலை உள்ளே வைத்து இறுகிய கையை நெம்பித் திறந்து சாவியைத் திணிப்பார்கள். தெளிந்ததும் அவர் முதலில் தடவிப் பார்ப்பது வேட்டி நனைந்திருக்கிறதா என்றுதான். பின்னால் டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் கார்டினால் மாத்திரை எழுதிக்கொடுத்தார். சாவியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது பாட்டுக்கு இருக்கட்டும், ராத்திரி மாத்திரையை மட்டும் விட்டுடாதே” என்றார். அண்ணன் விடவில்லை.

பழைய ரோமில் பிளினி என்ற எழுத்தாளர் எழுதிவைத்திருக்கிறார்: வலிப்பு வந்தவனின் தலை முதலில் மோதிய இடத்தில் ஓர் இரும்பு ஆணி அடித்தால் நோய் தீரும் என்பார்களாம். இதைப் படித்ததும் எனக்கு அண்ணனின் இடுப்புதான் ஞாபகம் வந்தது. உடனே ‘நம் இரும்பு வைத்தியம் ரோமுக்குப் போனது’ என்று கட்டுரை எழுதக் கிளம்பிவிடாதீர்கள். உங்கள் வயதில் நிறையப் பேர் அதைத்தான் ஆராய்ச்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு ஊரில் இரும்பு இருந்தால் இரண்டு ஊரில் இரும்பு இருந்தது, அவ்வளவுதான். பழைய கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டிஸ் பெயரில் வழங்கும் நூல் ஒன்று, இந்த நோய் தெய்வக் குற்றம் இல்லை, மூளையின் கோளாறு என்கிறது. நம்பாவிட்டால் வலிப்பு வந்த ஆட்டின் தலையை வெட்டிப் பாருங்கள், மூளை நீர் கோத்து நாறும் என்கிறது. அடுத்து, எல்லாவற்றுக்கும் காரணம் கபம் என்றும் அதே நூல் சொல்கிறது. டெம்கின் முதலாவதற்குக் கைதட்டுவதும் இல்லை, இரண்டாவதற்குச் சிரிப்பதும் இல்லை. விழுந்தவனைச் சுற்றி நின்றவர்கள் என்ன நினைத்தார்கள், ஏன் அப்படி நினைத்தார்கள் என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டே போகிறார். அந்த டவுன் டாக்டர் டெம்கினைப் படித்திருக்க மாட்டார். ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே பொறுமை. ஓபியிலிருந்து தப்பி ஓடுகிறவருக்கு அது எங்கிருந்து வரும், சொல்லுங்கள்?

அசதி புரியாமல் திட்டவில்லை, தம்பி. பத்து நாள் லீவு போட்டு நன்றாகத் தூங்குங்கள். வெளிநாட்டில் எங்கே படிப்பது என்பதை லண்டனில் இந்தத் துறையில் இருக்கும் நண்பரிடம் கேட்டு எழுதுகிறேன், இப்போது அவசரமில்லை. அதற்கு முன் ஒரு வேலை. உங்கள் ஆஸ்பத்திரிக்கு வலிப்பு மாத்திரை வாங்க மாதாமாதம் வருகிறவர்கள் இருப்பார்கள். மாத்திரைக்கு முன்னால் எங்கெங்கே போனார்கள், யார் என்ன கட்டிவிட்டார்கள், எவ்வளவு செலவானது என்று கேட்டு, அவர்கள் சொல்கிறபடியே ஒரு நோட்டில் எழுதுங்கள். பெயர் வேண்டாம். நோட்டு பாதி நிறைந்ததும் எனக்கு அனுப்புங்கள்.