ஒன்ராறியோ ஏரியில் குளிர்நீர் நீச்சல்: கேள்வி பதில்

ரொறன்ரோ கரையில் பல கோடைகளாக நீந்திவருகிறேன். ஏரியில் இறங்க நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

கேள்வி: ஜூன் மாதம், வெளியே 30 பாகை வெயில். வூட்பைன் கரையில் வெப்பமானியை நீரில் விட்டால் 9 பாகை காட்டுகிறது. கருவி பழுதா?

பதில்: கருவி சரியாகத்தான் இருக்கிறது. இந்த ஏரியின் சராசரி ஆழம் 86 மீட்டர், மிக ஆழமான இடத்தில் 244 மீட்டர். கோடையிலும் அடிநீர் 4 பாகையை ஒட்டியே கிடக்கும். வெயில் சூடாக்குவது மேற்படலத்தை மட்டும்தான். ஜூனில் அதுவும் மெல்லியது.

கேள்வி: அண்ணா, நேற்று 20 பாகை இருந்த இடத்தில் இன்று காலை 10. ஒரே இரவில் எப்படி?

பதில்: மேற்குக் காற்றின் வேலை. அது ஓரிரு நாள் விடாமல் வீசினால், புவிச் சுழற்சியின் விளைவால் மேல்நீர் காற்றுப் போகும் திசைக்கு வலப்பக்கமாக, அதாவது நம் கரையை விட்டுத் தெற்கே, நகர்ந்துவிடும். அந்த வெற்றிடத்துக்கு அடிநீர் ஏறிவரும். கிழக்குக் காற்று திரும்பினால் சூடான நீரும் திரும்பும். அதனால் வானிலை அறிக்கையில் நான் முதலில் பார்ப்பது காற்றின் திசையை. வெயிலைப் பார்த்து ஏரிக்குப் போகிறவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

கேள்வி: எத்தனை பாகைக்குக் கீழே ஆபத்து? உடல் விறைக்கும் முன் வெளியே வந்துவிட்டால் போதும்தானே?

பதில்: போதாது. விறைத்துப்போக நேரமெடுக்கும், மூச்சு முதல் நிமிடத்திலேயே கைவிட்டுவிடும். 15 பாகைக்குக் கீழான நீர் திடீரெனத் தோலில் பட்டதும், நீங்கள் விரும்பாமலே ஒரு பெருமூச்சை உள்ளே இழுப்பீர்கள். அந்தக் கணம் வாய் நீருக்குள் இருந்தால் உள்ளே போவது காற்றல்ல. தொடர்ந்து மூச்சு இரைக்கும், இதயம் படபடக்கும். ஆகவே குதிக்காதீர்கள், நடந்து இறங்குங்கள். தவறி விழுந்தால் மல்லாந்து மிதந்தபடி இருங்கள், மூச்சிரைப்பு தணியும்வரை நீந்த முயலாதீர்கள்.

மனிற்றோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் 1-10-1 கணக்கு உறைநீரை ஒட்டியது என்றாலும் மனதில் வைத்திருக்கத் தக்கது: மூச்சிரைப்பைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொற்கேட்கும் 10 நிமிடம், குளிரால் நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணிநேரம்.

கேள்வி: நான் வல்வெட்டித்துறைக் கடலில் நீந்தி வளர்ந்தவன். எனக்குமா இதெல்லாம்?

பதில்: உங்களுக்குத்தான் முதலில். நம் ஊர்க் கடல் உங்களுக்கு நீச்சலைக் கற்றுத்தந்தது, குளிரைக் கற்றுத்தரவில்லை. உங்கள் ஊரின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையைப் போகவும் வரவும் நீந்தியவர். 1984இல் ஆங்கிலக் கால்வாயில் நீந்தும்போது உயிரிழந்தார். அவரைவிடத் தேர்ந்தவர்கள் நாம் இல்லை. இதயநோய், உயர் இரத்த அழுத்தம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே வேண்டாம். மற்றவர்கள் சில நாட்கள், நாளுக்கு இரண்டு மூன்று நிமிடம், கழுத்தளவு நீரில் நின்று பழகுங்கள். ஐந்தாறு தடவையில் அந்த மூச்சிரைப்பு நன்றாகவே குறையும்.

கேள்வி: நியோப்ரீன் உடை (குளிரைத் தாங்கும் ரப்பர் நீச்சலுடை) வாங்கலாமா?

பதில்: வாங்குங்கள். கூடவே இடுப்பில் கட்டும் செம்மஞ்சள் மிதவையும். படகோட்டிகளுக்கு உங்கள் தலை தெரியாது.

கேள்வி: நீரில் நன்றாக இருந்தேன், கரையேறிப் பத்து நிமிடத்தில் நடுங்கத் தொடங்கினேன். ஏன்?

பதில்: வெளியே வந்த பிறகும் உடலின் உட்சூடு சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். எனக்கும் ஒரு ஒக்டோபரில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல், நண்பர் போட்டுவிட்டார், வெட்கமாக இருந்தது. ஈர உடையை உடனே கழற்றுங்கள், தொப்பியும் கம்பளியும் அணியுங்கள், இனிப்பான சூடான தேநீர் குடியுங்கள். சுடுநீரில் குளித்தால் மயக்கம் வரலாம். நடுக்கம் நிற்காமல் காரோட்டாதீர்கள். பேச்சுக் குழறினால் தேநீரை விட்டுவிட்டு 911ஐ அழையுங்கள்.

கேள்வி: ஒரு மிடறு விஸ்கி?

பதில்: வீட்டுக்குப் போய், நன்றாகச் சூடேறிய பிறகு.