ருவாண்டா கிராமங்களில் வைத்தியம்: கேள்வி பதில்

ருவாண்டா கிராமங்களில் வைத்தியம் எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டிருந்தவர்களுக்கு இங்கே பதில். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, அங்கே ட்ரோனிலேயே மருந்து வருகிறதாமே. அப்புறம் என்ன கவலை?

ட்ரோன் தீர்த்தது முக்கியமாக ரத்தப் பிரச்சினையை, தம்பி. 2016 அக்டோபரில் முஹாங்கா என்ற ஊரிலிருந்து ஸிப்லைன் நிறுவனம் இந்த ட்ரோன் சேவையைத் தொடங்கியது. ட்ரோன் ஆஸ்பத்திரிக்கு மேலே தாழப் பறந்து, பாராசூட் கட்டிய பெட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடும், தரையிறங்காது. எல்லா வகை ரத்தத்தையும் சின்ன ஆஸ்பத்திரியில் இருப்பு வைக்க முடியாது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஐந்தாறு நாளில் வீணாகிவிடும். அதனால் இது பெரிய உதவிதான். ஆனால் பிரசவத்தில் ரத்தம் போகிற பெண் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் ட்ரோனுக்கு வேலை. செய்தியில் வருவது ட்ரோன். வேலையில் பெரும்பங்கு கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களுடையது.

ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் யாரிடம் போவார்கள்?

அந்தப் பணியாளரிடம்தான். ஊர்க்காரர்களே கூடித் தேர்ந்தெடுத்தவர், பக்கத்து வீட்டுக்காரர். ஊருக்கு ஓர் ஆண், ஒரு பெண், கர்ப்பிணிகளைக் கவனிக்க இன்னொரு பெண் என்பது நெடுநாள் வழக்கம்.

விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை மலேரியா பரிசோதனை அட்டையில் விடுவார். முடிவு தெரியக் கால் மணி நேரம் ஆகும். அதற்குள் குழந்தையின் சட்டையைத் தூக்கி, நெஞ்சைப் பார்த்து, ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுவார். ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் 40 எட்டினால் நிமோனியா என்று எடுத்துக்கொண்டு அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து கொடுப்பார். அழுகிற குழந்தையிடம் எண்ண முடியாது, தாய்ப்பால் கொடுத்து அமைதிப்படுத்திவிட்டுத்தான் எண்ண வேண்டும். மேல்கையில் சுற்றி அளக்கும் நாடா சிவப்பில் நின்றால் (11.5 செ.மீ.க்குக் கீழே) கடும் ஊட்டச்சத்துக் குறைவு. வலிப்பு, எதையும் குடிக்க முடியாமை என்றால் உடனே சுகாதார நிலையத்துக்குச் சீட்டு.

ஏழைகள் செலவை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

மியூச்சுவெல் என்ற சமூக மருத்துவக் காப்பீடு. பல வருடங்களாகப் பெரும்பாலானவர்களுக்குத் தலைக்கு ஆண்டுக்கு 3,000 ஃபிராங்க் என்று இருந்தது, பரம ஏழைகளுக்கு அரசே கட்டியது. சுகாதார நிலையத்தில் 200 ஃபிராங்க், ஆஸ்பத்திரியில் செலவில் 10 சதவீதம் நோயாளி தர வேண்டியிருந்தது. குறை என்னவென்றால் வீட்டில் எல்லாருக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். அந்தக் கணக்கில் ஏழு பேர் என்றால் 21,000. அறுவடைக்கு முன்னால் அந்தப் பணத்தை எங்கே புரட்டுவது?

ரோடு இல்லாத மலைக் கிராமங்களில்?

இங்கோபி என்ற பின்னல் தூக்கில் நோயாளியைப் படுக்கவைத்து, அக்கம்பக்கத்தவர் முறைபோட்டுத் தோளில் தூக்கி இறக்குவது பழைய வழக்கம். இப்போது கைபேசியில் தகவல் போய் ஆம்புலன்ஸ் வருகிறது, அது எட்டுகிற பாதை வரைக்கும்தான். ஆனாலும் மாற்றம் பெரிது. 2000-இல் லட்சம் பிரசவங்களுக்கு 1,071 தாய்மார்கள் இறந்தார்கள், 2020 வாக்கில் 203.

அக்கறையாகத்தான் கேட்கிறேன், அந்தப் பணியாளர்களுக்குச் சம்பளம் எவ்வளவு?

சம்பளம் கிடையாது. வேலையை வைத்துக் கிடைக்கும் ஊக்கத்தொகையின் பெரும்பகுதி அவர்களுடைய கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும். சங்கம் பன்றி, கோழி வளர்த்து லாபம் பார்த்தால் பங்கு உண்டு. இவ்வளவு பொறுப்பை இவர்கள் தலையில் வைத்துவிட்டு இதோடு நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கல்லூரியில் மிச்ச மருந்துகளைச் சேகரித்து அனுப்பலாமா சார்?

வேண்டாம். பிரித்த அட்டையும் பாதி பாட்டிலும் அங்கே குப்பைதான், அழிக்கிற செலவும் அவர்களுக்கு. நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது காலாவதிக்கு ஒரு வருடமாவது மீதி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பணமாகத் திரட்டி, அங்கே வேலை செய்கிற அமைப்பு ஒன்றுக்குக் கொடுங்கள்.