ஆறு தடிப் புத்தகம் வேண்டாம், ஒரு மெல்லிய புத்தகம் போதும்

தம்பி, கோவையில் இரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வந்த மகள் லண்டனில் இயர் 3-ல் சேர்ந்திருக்கிறாள், வாசிப்பில் சரளம் போதவில்லை என்று டீச்சர் சொல்கிறார், என்ன புத்தகம் வாங்கலாம், டியூஷன் வைக்கவா என்று கேட்டிருந்தீர்கள். டியூஷன் இப்போதைக்கு வேண்டாம். புத்தகமும் வாங்க வேண்டாம்.

உங்கள் மகளுக்கு இங்கிலீஷ் வராது என்று டீச்சர் சொல்லவில்லை. அவள் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள், அவ்வளவுதான். தமிழில் எழுத்து தெரிந்துவிட்டால் எந்தச் சொல்லையும் ஏறக்குறைய வாசித்துவிடலாம். இங்கே த்ரூ, தோ, டஃப் மூன்றும் ஓ, யூ, ஜி, எச் என்றே முடிகின்றன. சத்தம் மட்டும் மூன்று விதம். திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் கண்ணுக்குப் பழகும்.

என் மகனும் ஏழு வயதில்தான் வந்தான். சீக்கிரம் தேறட்டும் என்று தடித்தடியாக ஆறு புத்தகம் வாங்கி அடுக்கினேன். வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, மூச்சு வாங்க வாசிப்பான். பக்கம் முடிந்ததும் "என்னடா நடந்தது?" என்றால் முழிப்பான். எல்லா சக்தியும் எழுத்திலேயே போய்விட்டால் கதைக்கு என்ன மிஞ்சும்? ஒருநாள் நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மா ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். ஜில் டாம்லின்சன் 1968-ல் எழுதிய ஆந்தைக்குஞ்சுக் கதை. ப்ளாப் என்ற அந்தக் குஞ்சுக்கு இருட்டென்றால் பயம். ஏழே அத்தியாயம். ஒவ்வொன்றிலும் அது மரத்திலிருந்து உருண்டு விழுந்து, கீழே இருப்பவரிடம் இருட்டைப் பற்றிக் கேட்டுவிட்டு வரும். முதலில் பார்க்கும் பையன் அதைத் தரைச்சக்கரம் என்றே நினைத்துவிடுவான். அந்த இடத்தில் என் மகன் விரலை எடுத்துவிட்டுச் சிரித்தான். மூன்றாவது அத்தியாயத்தில், இனி விழப்போகிறது என்று அவனே சொன்னான். ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வந்ததால் சொற்களும் பழகிவிட்டன.

அதனால்தான் இந்த வயதுக்குத் தொடர் புத்தகங்களைச் சொல்கிறேன். ஹாரியட் மன்காஸ்டரின் இசடோரா மூன் வரிசையில் பாதி தேவதை, பாதி ரத்தக்காட்டேரி என்று ஒரு சிறுமி. முதல் புத்தகத்தில் வந்த பெயர்களும் வீடும் அடுத்ததிலும் வரும், குழந்தைக்குப் பாதி வேலை குறைந்துவிடும். பிடித்த புத்தகத்தை நாலு தடவை படித்தாலும் தடுக்காதீர்கள். சரளம் வருவதே அந்த நாலாவது தடவையில்தான்.

தினமும் பதினைந்து நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் அவள், சத்தமாக. தடுமாறினால் கொஞ்சம் பொறுங்கள். வரவில்லையென்றால் சொல்லைச் சொல்லிவிட்டு நகருங்கள். ஸ்பெல்லிங் கேட்டு நிறுத்தினால் கதை அறுந்துபோகும். நம் உச்சரிப்பு ஒட்டிக்கொள்ளுமோ என்று பயப்பட வேண்டாம். இங்கத்து உச்சரிப்பு பள்ளியில் தானாக வந்துவிடும். உங்களிடமிருந்து அவளுக்கு வேண்டியது முற்றுப்புள்ளியில் நிற்பதும், கேள்வியில் குரல் ஏறுவதும். அப்புறம், கதையைத் தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். புரிந்ததா என்று அதிலேயே தெரிந்துவிடும், தமிழும் நிற்கும்.

பள்ளியிலிருந்து வரும் புத்தகங்களில் ஒவ்வொரு வாசிப்பு நிலைக்கும் ஒரு நிறம் ஒட்டியிருக்கும். அடுத்த வீட்டுப் பிள்ளையின் நிறத்தோடு ஒப்பிட்டு அவளை வாட்டாதீர்கள்.

நூலக உறுப்பினர் அட்டை இலவசம். கோடை விடுமுறையில் 4 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு சம்மர் ரீடிங் சேலஞ்ச் நடத்துவார்கள். அதற்கும் காசில்லை, விடுமுறைக்குள் வழக்கமாக ஆறு புத்தகம் படிக்க வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டாம், இந்தச் சனிக்கிழமையே கூட்டிக்கொண்டு போங்கள். புத்தகத்தை அவளே எடுக்கட்டும். மெல்லியதாக, படம் நிறைய இருப்பதாக எடுத்தாலும் ஒன்றும் சொல்லாதீர்கள்.