40 பேருக்கு வெஜ் பப்ஸ்: அடி நமத்துப்போகாமல் செய்வது எப்படி?

கேள்வி: அடுத்த மாதம் எங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழா. மாலையில் டீயோடு 40 பேருக்கு வீட்டிலேயே வெஜ் பப்ஸ் செய்து கொடுக்க ஆசை. வெண்ணெய் வைத்து மாவை மடித்து ஒருமுறை செய்து பார்த்தேன். அடுக்கே பிரியவில்லை, வெண்ணெய் உருகித் தட்டில் வழிந்துவிட்டது, அடிப்பக்கம் சொதசொதவென்று இருந்தது. 28 லிட்டர் ஓடிஜி (மின்சார ஓவன்) இருக்கிறது. முட்டை சேர்க்க மாட்டோம். முந்தைய நாளே செய்து வைக்கலாமா? – வாசகி, மதுரை

பதில்: வெண்ணெய் வழிந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. பப்ஸ் மாவில் ஈஸ்ட்டும் கிடையாது, சோடாவும் கிடையாது. மாவு ஒரு ஏடு, வெண்ணெய் ஒரு ஏடு என்று மாறி மாறி நிற்க வேண்டும். ஓவன் சூட்டில் மாவிலும் வெண்ணெயிலும் இருக்கிற தண்ணீர் ஆவியாகி ஏடுகளைத் தூக்கும். ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கொழுப்பு பார்த்துக்கொள்ளும். மூன்றாக மடித்து உருட்டுவதை ஆறு முறை செய்தால் 3, 9, 27 என்று பெருகி 729 ஏடு வரும். ஆனால் வெண்ணெய் ஏறக்குறைய 32 முதல் 35 டிகிரியில் உருகிவிடும். கோடையில் மதுரைச் சமையலறையே அந்தச் சூட்டில்தான் இருக்கும். உருட்டும்போதே வெண்ணெய் மாவுக்குள் ஊறிவிட்டால் ஏடும் இல்லை, அடுக்கும் இல்லை. வெந்தால் பிஸ்கட் மாதிரி பொடியும்.

பேக்கரிகளில் எப்படி வருகிறது என்றால், அவர்கள் பப்ஸுக்கென்றே விற்கும் மார்கரினை, அதாவது எண்ணெயில் செய்த வெண்ணெய் மாதிரியான கொழுப்பை, பயன்படுத்துகிறார்கள். அது லேசில் உருகாது, நம் ஊர் வெயிலைத் தாங்கும். அதே காரணத்தால் வாயிலும் சீக்கிரம் உருகாது; மேலண்ணத்தில் மெழுகு பூசியதுபோல் ஒட்டும். முன்பு இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு பற்றிய பயமும் இருந்தது. 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்புகளில் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ வரம்பு வைத்திருக்கிறது.

உங்களுக்கு என் யோசனை: இந்த விசேஷத்துக்கு மாவு வேலையை விட்டுவிடுங்கள். உறைநிலையில் விற்கும் பப்ஸ் ஷீட் வாங்கிக்கொள்ளுங்கள். பச்சைப் புள்ளி இருக்கிறதா, வெண்ணெயில் செய்ததா மார்கரினா என்று மட்டும் பாக்கெட்டில் பார்த்துவிடுங்கள். ஒரு பப்ஸை ருசியாக்குவது உள்ளே வைக்கும் மசாலாதான், உங்கள் நேரத்தை அதில் போடுங்கள். சொந்த மாவுதான் வேண்டும் என்றால் 250 கிராம் மைதா, ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, 130 மில்லி ஐஸ் தண்ணீர், உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம். ஏசி அறையில் உருட்டுங்கள். இரண்டு மடிப்புக்கு ஒருமுறை அரைமணி நேரம் ஃப்ரிட்ஜ். விரலால் அழுத்தினால் வெண்ணெய் குழிய வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். கல் மாதிரி இருந்தால் உருட்டும்போது உள்ளே துண்டு துண்டாக உடைந்து மாவைக் கிழிக்கும்.

அடுத்தது அடிப்பக்கம். மசாலாவில் ஈரம் இருந்திருக்கும், இல்லையென்றால் சூடாகவே வைத்திருப்பீர்கள். சூடான மசாலா பட்ட இடத்தில் வெண்ணெய் அப்போதே உருகிவிடும். உருளைக்கிழங்கை வெட்டி வேகவிடாமல் தோலோடு முழுசாக வேகவையுங்கள், தண்ணீர் குறைவாகக் குடிக்கும். தோலுரித்ததும் ஆவி போகும்வரை பரப்பி வையுங்கள். பட்டாணியை வடிகட்டித் துணியில் ஒற்றி எடுங்கள். கேரட்டும் வெங்காயமும் கடாயில் நன்றாகச் சுருள வேண்டும். தக்காளி வேண்டவே வேண்டாம். புளிப்புக்கு ஆம்சூர் பொடி (காய்ந்த மாங்காய்த் தூள்) போதும். காளான் வைப்பதென்றால் அது விடும் தண்ணீர் முழுக்க வற்றும்வரை பொறுமையாக வதக்க வேண்டும். மசாலாவைக் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கை ஈரமாகக் கூடாது. அப்புறம் ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர்ந்த பிறகே ஷீட்டில் வையுங்கள்.

விசேஷ வீட்டில் வெங்காயம், பூண்டு சேர்க்காத பெரியவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். அவர்களுக்கு வாழைக்காய் பொடிமாஸ் வைத்துச் செய்யுங்கள். தேங்காயை மட்டும் விட்டுவிடுங்கள், இஞ்சியும் பச்சைமிளகாயும் தூக்கலாக இருக்கட்டும். இயல்பிலேயே உதிரியாக இருப்பதால் பப்ஸுக்கு உருளைக்கிழங்கைவிட இதுதான் பொருத்தம் என்பேன். இரண்டையும் மடிப்பில் வேறுபடுத்துங்கள், ஒன்று முக்கோணம், ஒன்று நீளவாக்கு. இல்லாவிட்டால் பரிமாறுபவர் ஒவ்வொன்றையும் பிய்த்துப் பார்க்க வேண்டிவரும்.

அளவு: 1 கிலோ ஷீட்டை 3 மில்லிமீட்டர் கனத்தில் 7 சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டினால் ஓரம் போக 55 வரும். கூட வேறு பலகாரமும் இருந்தால் 40 பேருக்கு இது தாராளம். அரைக்கிலோ உருளைக்கிழங்கு, கேரட்டும் பட்டாணியும் நூறு நூறு கிராம், இரண்டு வெங்காயம் போதும். ஒன்றுக்கு ஒரு டீஸ்பூன் மசாலாவுக்கு மேல் ஆசைப்படாதீர்கள். வெட்டும்போது கூர்மையான கத்தியை மேலிருந்து நேராக அழுத்துங்கள். இழுத்து அறுத்தால் ஓரத்தில் ஏடுகள் ஒட்டிக்கொள்ளும். முட்டைக்குப் பதில் பாலில் ஒரு சிட்டிகை சர்க்கரை கரைத்து மேலே தடவினால் நிறம் வரும். பால் பக்கவாட்டில் வழிந்தாலும் அடுக்கு திறக்காது, கவனம்.

முந்தைய நாள் செய்யலாமா? மடிக்கிற வேலை வரை செய்யலாம், பேக் செய்யக் கூடாது. ஷீட்டை ஃப்ரிட்ஜிலேயே வைத்து வளையும் பதத்துக்கு வந்ததும், ஒரு நேரத்தில் ஒன்றாக வெளியே எடுத்து, மடித்து, தட்டில் இடைவெளி விட்டு உடனே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். வெளியே கிடந்து முழுக்க இளகிய ஷீட்டை மறுபடி உறைய வைக்காதீர்கள். மறுநாள் ஃப்ரீசரிலிருந்து நேராக ஓவனுக்குப் போகலாம், ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும்.

ஓடிஜியை மேல், கீழ் இரண்டு ராடும் போட்டு 210 டிகிரியில் கால்மணி நேரம் சூடாக்குங்கள். காலித் தட்டு ஒன்றும் உள்ளேயே காயட்டும். பார்ச்மென்ட் பேப்பரில் (ஓவன் சூட்டைத் தாங்கும் பேக்கிங் காகிதம்) பப்ஸை அடுக்கி, பேப்பரோடு அந்தச் சூடான தட்டின் மேல் தள்ளுங்கள். பட்டவுடன் அடி வேகத் தொடங்கும். (பட்டர் பேப்பர் என்று கடையில் தருவதெல்லாம் இந்தச் சூட்டைத் தாங்காது.) முதல் 15 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள், எழும்பியது அமுங்கிவிடும். பிறகு 180 டிகிரிக்குக் குறைத்து இன்னும் 10 நிமிடம். மேலே சிவந்ததும் எடுத்துவிடுவதுதான் பலரும் செய்வது. இடுக்கியால் ஒன்றைத் தூக்கிப் பாருங்கள்: அடி வெளிர்மஞ்சளாக இருந்தால் இன்னும் வேக வேண்டும்.

உங்கள் ஓவனில் ஒரு தடவைக்கு 12 வைக்கலாம். அப்படியென்றால் ஐந்து தடவை, கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம். 6 மணிக்கு விருந்தென்றால் மூன்றுக்குத் தொடங்கிவிடுங்கள். கரண்ட் போனால் சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் ஓடிஜியை இழுக்காது, அந்த அரைமணியையும் கணக்கில் வையுங்கள். வெந்ததைக் கம்பி வலையில் திறந்தபடி ஆறவிடுங்கள். சூடாக இருக்கட்டும் என்று ஹாட்பாக்ஸில் போட்டு மூடினால் அதன் ஆவியே அதை நமத்துப்போக வைக்கும். ஆட்கள் வந்ததும் 180 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டினால் மறுபடி மொறுமொறுவென்று ஆகிவிடும். மைக்ரோவேவ் வேண்டாம். மிஞ்சினால் இரவே ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் காலையிலேயே தீர்த்துவிடுங்கள், உருளைக்கிழங்கு மசாலா வெளியே கிடந்தால் ஊசிப்போகும்.