பாதி வருடத்துக்கு ஒரு பட்டியல்

கே: ஜூன் முடியப்போகிறது. இந்த ஆண்டின் இண்டி (சுயாதீன இசை) ஆல்பங்களில் பிடித்தவற்றைப் பட்டியல் போட உட்கார்ந்தால், போன வாரம் கேட்டவைதான் ஞாபகம் வருகின்றன. எப்படித் தேர்ந்தெடுப்பது?

ப: ஜனவரியிலிருந்து வாங்கியவை, சேமித்தவை எல்லாவற்றையும் தேதிவாரியாகப் பாருங்கள். பேண்ட்கேம்ப் என்ற இசை விற்பனைத் தளத்தில் வாங்கியவை உங்கள் கணக்கிலேயே இருக்கும். எத்தனை முறை ஓடியது என்ற கணக்கை நான் நம்புவதில்லை. வேறு வேலைக்கு நடுவே ஓடவிட்டதும் அதில் சேர்ந்துவிடும்.

நான் ஆல்பத்தின் பின்பாதியைத்தான் கவனிப்பேன். நல்ல பாட்டுகளை முன்னால் அடுக்கிவிட்டு, ஐந்தாறு பாட்டுக்குள் சோர்ந்துவிடும் ஆல்பங்கள் நிறைய. எட்டாவது பாட்டிலும் ஒரு குழு புதிதாக ஏதோ துணிந்து செய்கிறது என்றால், அதற்கே என் ஓட்டு. பாட்டுகளின் வரிசையை மாற்றாமல், முழுதாக ஒருமுறை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அப்புறம், எந்த ஆண்டின் ஆல்பம் என்ற குழப்பமும் வரும். போன் ஐவர் என்ற அமெரிக்க இசைக்குழுவின் 'ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ' 2007இல் சொந்த வெளியீடாக வந்தது. ஜாக்ஜாகுவார் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் 2008இல் வெளியிட்ட பிறகே பரவலாகப் போய்ச் சேர்ந்தது. சுயாதீன இசையில் இது சகஜம். உங்கள் காதுக்கு இந்த ஆண்டு வந்திருந்தால் தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் வெளியான ஆண்டையும் எழுதிவிடுங்கள்.

ஜூனில் வந்தவற்றுக்கு மட்டும் இப்போதே இடம் தர வேண்டாம். தனித்தாளில் குறித்துவைத்து ஆகஸ்டில் திரும்பக் கேளுங்கள்.