பழைய வெண்கலச் சிலையையும் இன்றைய பிரதியையும் வேறுபடுத்துவது எப்படி?

கண்டி, நுவரெலியாக் கடைகளில் பழையவை எனக் காட்டப்படும் சிலைகளைப் பார்ப்போர் பலருக்கும் எழும் கேள்வி இது. வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். மண்ணுக்குள் ஈரமும் உப்பும் நெடுங்காலம் செம்பை அரிப்பதால், பெரும்பாலும் அடியில் செந்நிறமும் மேலே பச்சையுமாகக் களிம்பு உலோகத்தோடு ஒன்றி, இடத்துக்கிடம் வேறுபட்டு வளர்கிறது. அமிலம் பூசி விரைவில் வரவழைத்த பச்சையோ பெரும்பாலும் ஒரே சீராக, மேலோட்டமாகவே நிற்கும். விறகடுப்பில் ஆண்டுக்கணக்காக இருந்த கேத்தலில் ஏறிய கரிக்கும் நேற்றுப் பூசிய கறுப்புச் சாயத்துக்கும் உள்ள வேறுபாடே இது. மெழுகில் செய்த உருவைச் சுற்றி மண் அச்சு அமைத்து, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றும் பழைய மெழுகு வார்ப்பு முறையில் ஒவ்வொரு அச்சும் உடைக்கப்படுவதால், எல்லா நுணுக்கங்களிலும் ஒத்த இரு சிலைகள் அருகருகே இருந்தால் ஐயம் கொள்ளுங்கள். சோதிப்பதற்காகச் சிலையைச் சுரண்டவே வேண்டாம். அழிந்த களிம்பு மீளாது. பச்சை இருந்தால்தான் பழையது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால், கோயிலில் தலைமுறைகளாக அபிடேகம் செய்து துலக்கப்பட்ட தொன்மையான திருமேனி பளபளப்பாகவும் இருக்கலாம்.