நாலு பற்றரி, நாலு குரல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

கனடாவில் இருக்கும் மாமா, தன் பிள்ளைகள் விளையாடி முடித்த, நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டு மெஷினான பழைய சாம்பல் நிறக் கேம்போயை அனுப்பியிருந்தார். அதில் எல்எஸ்டிஜே என்ற இசை செய்யும் மென்பொருள் போட்ட கார்ட்ரிட்ஜ் ஒன்றைச் செருகி ஆறு மாதமாக இசை செய்கிறேன். காத்தவராயன் கூத்து மெட்டு ஒன்றைப் போனில் பதிந்து இத்துடன் அனுப்புகிறேன். பிரச்சினை என்னவென்றால், எப்போதும் ஒரு இரைச்சல் இருக்கிறது. மேல் ஸ்தாயிக்குப் போனால் ஒலி உடைகிறது. ஒரே நேரத்தில் நாலு ஒலிக்கு மேல் வராது. அதற்குப் பிறகு வந்த கேம்போய் அட்வான்ஸ் அல்லது டிஎஸ் வாங்கினால் தரம் கூடுமா? என் நண்பன், "குறை இருந்தால்தான் கலை வரும். பற்றரி இல்லாமலே பாட்டுக் கேட்ட வன்னிச் சனத்துக்கு இதைச் சொல்லித்தர வேணுமா?" என்கிறான். இணையத்தில் போட்டால் விளையாட்டுச் சாமான் சத்தம் என்று சொல்வார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)
மல்லாவி

அன்புள்ள தம்பி,

பாட்டை மூன்று தரம் கேட்டேன். நன்றாக இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேம்போயில் இருக்கும் நாலு ஒலிப் பாதைகளில், அதாவது சனல்களில், சல்லாரித் தாளத்துக்கு இரைச்சல் சனலைப் பாவித்திருக்கிறீர். ஒவ்வொரு அடியும் சட்டென்று வெட்டுப்பட்டு நிற்கிறது. உடுக்குக்கு முதலாவது சனலின் சுவீப்பைப் பிடித்தது அதைவிட நல்லது. உடுக்கின் கயிற்றை நெரிக்க ஒலி வளைகிறதே, அந்தச் சனலும் அதே மாதிரித் தானாகச் சுருதியை இழுத்துவிடும். இது உமக்கு யாரும் சொல்லித் தந்ததாகத் தெரியவில்லை. காதால் கண்டுபிடித்திருக்கிறீர்.

ஆனால் தம்பி, நீர் இரைச்சல் என்று சொல்வதில் பாதி மேசை விசிறியின் சத்தம். போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்துப் பதிந்துவிட்டு மெஷினில் பழி போடலாமா? பின்னால் கோழி கொக்கரிப்பதும் கேட்கிறது. ஹெட்செற் துளையிலிருந்து ஒரு வயரை எடுத்து நேரே கணினியில் பதியும். பதியும்போது மலிவான சார்ஜரில் ஓட்டாமல் பற்றரியில் ஓட்டும். அதற்குப் பிறகும் மிஞ்சுவதுதான் மெஷினின் சொந்த இரைச்சல். திரையும் புரொசசரும் வேலை செய்யும் ஒலி பாட்டுக்குள் கசிகிறது. அதையும் குறைக்க வேண்டுமானால், சோல்டர் பிடிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, வால்யூம் திருகிக்கு முன்னாலேயே ஒலியை எடுத்து வேறு ஜாக்குக்குக் கொண்டுபோகலாம். புரோசவுண்ட் என்பார்கள்.

மேலே போகும்போது உடைவது வேறு விசயம். இரைச்சலோடு அதைச் சேர்க்க வேண்டாம். சதுர அலைச் சனலின் சுருதி, 131072ஐ ஒரு முழு எண்ணால் வகுத்துத்தான் வருகிறது. 655ஆல் வகுத்தால் 200 ஹேர்ட்ஸ், 654ஆல் வகுத்தாலும் கிட்டத்தட்ட அதேதான், அரை ஹேர்ட்ஸ்கூட வித்தியாசம் இல்லை. ஆனால் 1000 ஹேர்ட்ஸுக்குக் கிட்டப் போனால் 131இலிருந்து 130க்கு ஒரே எட்டு. சுருதி 1000.5இலிருந்து 1008க்குத் தாவிவிடும். நடுவில் ஒன்றுமே இல்லை. நீர் அந்த இடத்தில் நாதஸ்வரம் போல வழுக்கப் பார்த்திருக்கிறீர். ஏணிப்படியில் வழுக்க முடியுமா? மெட்டை ஒரு ஸ்தாயி கீழே இறக்கும். அங்கே கமகம் எண்ணெய் போல ஓடும்.

சரி, இப்போது உமது நண்பரிடம் வருகிறேன். கடிதத்தில் அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இரண்டு பந்தியில் பதில் எழுதி அனுப்பியிருப்பேன். ஏனென்றால் இந்த வசனத்தைக் கொஞ்சக் காலமாக எல்லாரும் சொல்லக் கேட்கிறேன். கூட்டங்களில் சொல்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள் சொல்கிறார்கள். ஒன்றும் இல்லாமல் இருந்த காலத்தில்தான் நாங்கள் நிறையப் படைத்தோமாம். கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரியும்.

1997இல் நான் உம்முடைய ஊரில்தான் இருந்தேன். கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, ஒரு கொட்டில் போட்டு, ஏழு பேர். கரண்ட் இல்லை. போர்க்காலம், பற்றரி வன்னிக்குள் வராமல் அரசாங்கம் தடை செய்த பொருள். எங்கேயாவது ஒன்று வந்தால், அது வைத்த விலையில் யாரும் பாட்டுக் கேட்பதற்கு வாங்க மாட்டார்கள். செத்த பற்றரிகளை வெயிலில் காய வைத்துப் பத்து நிமிடச் செய்தி கேட்போம். எங்களிடம் ஒரு கசெற் ரேடியோ இருந்தது. பெரியண்ணை சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீற்றும் ஹாண்டிலும் நிலத்தில் ஊன்றி நிற்க, டைனமோவைப் பின் டயரில் அழுத்திவிட்டு, பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோவிலிருந்து வயர், நாலு டயோட், அங்கிருந்து ரேடியோ. வேகமாகச் சுற்றினால் பாட்டுக்காரி அவசரப்படுவாள். கை களைத்தால் பாட்டும் சேர்ந்து இழுபடும். ஒரே வேகத்தில் சுற்றப் பழக அவருக்கு ஒரு மாதம் எடுத்தது.

நாங்கள் ரேடியோவைச் சுற்றி இருந்து கேட்டோம். பெரியண்ணைக்குக் கேட்டது செயினின் கரகரப்பும் டயரில் டைனமோ உரசும் சத்தமும்தான். வயர் கட்டை. அதனால் எட்டப் போகவும் முடியாது. ஒரே கசெற்றை ஐந்து வருசம் அப்படிச் சுற்றியிருக்கிறார்.

2002 ஏப்ரலில் வன்னிக்கு ஊடாகப் போகும் ஏ9 வீதி திறந்தது. பற்றரி வந்தது. பெரியண்ணை நாலு பற்றரி வாங்கி வந்து ரேடியோவில் போட்டு, அதே கசெற்றைப் போட்டுவிட்டு, திண்ணையில் இருந்தார். இரண்டாவது பாட்டின் நடுவில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இதிலை வயலினும் இருக்கோ?" என்று கேட்டார்.

நானே அப்போதுதான் அதைக் கவனித்தேன். சரணத்துக்கு முன்னால், ஒரு சின்ன இழுப்பு. கசெற்றைத் திரும்பச் சுற்றி அந்த இடத்தையே மூன்று நாலு தரம் போட்டுக் கேட்டார்.

உமது நண்பரிடம் கேளும், அந்த ஐந்து வருசம் பெரியண்ணைக்கு எந்தக் கலையைக் கொடுத்தது என்று. ஒரு வயலினை எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான். அந்தக் காலத்தில் பாட்டும் கூத்தும் நடந்தது உண்மை. அது மனிசர் விடாப்பிடியாகச் செய்தது. தடைக்கு அதில் ஒரு பங்கும் கொடுக்க நான் தயாராக இல்லை. குறை இருந்தால்தான் கலை வரும் என்ற கதையை இனி யாரும் உமக்குச் சொன்னால், எழுந்து வந்துவிடும்.

கேம்போயின் எல்லையையும் இதையும் ஒரே தட்டில் வைப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த மெஷினை 1989இல் கொண்டுவந்தபோது கலர்த் திரை போட நின்டெண்டோவுக்கு வழி இருந்தது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பேய் யோகோய் வேண்டாம் என்றார். கலரும் பின்வெளிச்சமும் பற்றரியைக் குடித்துவிடும், விலையும் ஏறும். அதற்குப் பிறகு வந்த சேகாவின் கேம் கியர் கலரில் இருந்தது. ஆறு பற்றரி போட்டாலும் சில மணி நேரத்தில் படுத்துவிடும். கேம்போய் நாலு பற்றரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. ஒலியும் அப்படித்தான்: இரண்டு சதுர அலை, நாலு பிட்டில் 32 புள்ளி வைத்து நீரே வரையும் அலை ஒன்று, இரைச்சல் ஒன்று. டெட்ரிஸின் கேம்போய்ப் பதிப்புக்கு இசை போட்ட ஹிரோகாசு தனாகா, நின்டெண்டோவில் ஒலி வன்பொருள் வேலையும் பார்த்தவர். அந்த மெஷினில் நாலுதான் என்று அறிந்து, நாலுக்குள் நின்று பாட்டுச் செய்தார்.

யோகோயும் பற்றரியை எண்ணினார், வாங்கப்போகும் பிள்ளைக்காக எண்ணினார். எங்கள் பற்றரியை எண்ணியவர்கள் எதற்காக எண்ணினார்கள் என்று உமக்கே தெரியும். இரண்டுக்கும் "குறை" என்று ஒரே பெயர் வைக்கலாமா, தம்பி?

உமது நாலு சனலை எப்போது வேண்டுமானாலும் நீர் மூடி வைக்கலாம். அது உம்மைச் சிறை பிடிக்கவில்லை. 1998இல் ஜெர்மனியில் ஓலிவர் விட்சோ என்ற மாணவர் கேம்போயில் இசை செய்யும் நானோலூப்பைச் செய்தபோதும், சுவீடனில் யோஹான் கோட்லின்ஸ்கி உம்முடைய எல்எஸ்டிஜேயைச் செய்தபோதும் கணினி பக்கத்திலேயே இருந்தது. இருந்தும் இதை எடுத்தார்கள், இந்த ஒலி பிடித்ததால். உமக்கும் பிடித்திருந்தால் செய்யும். பிடிக்காவிட்டால் விட்டுவிடும். வன்னியில் பிறந்ததால் குறைந்த சாமானில்தான் இசை செய்ய வேண்டும் என்று உமக்கு எந்தக் கடமையும் கிடையாது. நாளைக்கே நல்ல மைக்கும் கணினியும் கிடைத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளும்.

இணையத்தில் என்ன சொல்வார்கள் என்பதை எல்லாம் நான் ஒரு கேள்வியாகவே எடுக்கவில்லை. போடும்.

மெஷினைப் பற்றிக் கேட்டிருந்தீர். அட்வான்ஸில் பழைய நாலு சனலும் இருக்கின்றன, மேலதிகமாக 8 பிட்டில் இரண்டு. அந்த இரண்டுக்குள் நிறைய ஒலிகளைக் கலக்கும் வேலையை புரொசசரே செய்ய வேண்டும், அதனால்தான் பல கேம்களில் மணல் உரசுவது போல ஒரு ஒலி கேட்கும். அட்வான்ஸின் மடிக்கும் வகையான எஸ்பி வாங்க நினைத்தால் கவனம், அதில் ஹெட்செற் துளையே இல்லை, தனி அடாப்டர் தேவை. டிஎஸ்ஸில் 16 சனல், ஆனால் வெளியே வருவது 10 பிட். சாம்பல் கேம்போயின் அடி ஒலி, அந்தக் கனத்த கீழ் ஸ்தாயி ஒலி, இவை எதிலும் அப்படியே வராது. உம்முடைய பாட்டில் மேளம் நிற்பது அந்த அடியில்தான். மாற்ற வேண்டாம் என்பது என் எண்ணம்.

கடைசியாக ஒன்று, இதை இன்றைக்கே செய்யும். உமது கார்ட்ரிட்ஜ் எந்த வகை என்று பாரும். பலவற்றில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பற்றரி உள்ளே இருக்கும். நீர் சேமித்த பாட்டுகளை வைத்திருப்பது அதுதான். அது செத்தால் எல்லாம் அழிந்துவிடும், புதிது போட்டாலும் திரும்ப வராது. ஆறு மாத வேலையைக் கணினியில் ஒரு பிரதி எடுத்து வையும். வயரில் பதிந்த பிறகு கூத்து மெட்டை எனக்குத் திரும்ப அனுப்பும். பெரியண்ணை வரும் கிழமை வருகிறார், அவருக்கும் போட்டுக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
அண்ணை